முக்கால் அங்குலம்

மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் துணிமணி காய்வது புகைவீட்டில்தான். ரப்பர் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையான சீட்டாக்கி, அந்தச் சீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகையேற்றும் கட்டடம் அது. தெஹியோவிட்ட பக்கம் வைகாசியில் மழை பிடித்தால் வெயில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, காலில் போடுகிற சப்பாத்து, தலையணை, பலாக்கொட்டை என்று எல்லாவற்றையும் புகைவீட்டில் நெருப்புப் போடுகிறவரிடம் கொடுத்துவிடுவார்கள். தொழிற்சாலையை மேற்பார்க்கிற ஃபெக்டரி ஐயாவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகளின் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம் என்று டவுன் பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

என் கிட்டாரையும் அங்கேதான் காயவைத்தார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். நின்ற கையோடு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனேன். ஒரு காலையில், வழுக்கிய சரிவில் கத்தியோடு விழுந்து, இடது கை மோதிர விரலின் உள்பக்கம் ஆழமாக அறுபட்டது. கரவனெல்லை ஆசுபத்திரியில் தைத்தார்கள். நன்றாகவே தைத்தார்கள். விரல் மடங்கும், நீளும், வாளி தூக்கும். பக்கவாட்டில் எதையாவது தள்ளச் சொன்னால் மட்டும் பாதியில் நின்றுவிடும். கிட்டாரில் லீட், அதாவது பாட்டின் மெட்டைத் தனியாக, வாசிக்கிறவனுக்கு அந்த விரல்தான் முக்கியம். கம்பியை அழுத்தியபடி பக்கவாட்டில் தள்ளினால் சுரம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். நம்முடைய பாட்டுகளில் குரல் குழைகிற இடமெல்லாம் அப்படித் தள்ளினால்தான் வரும். தள்ளாமல் வாசித்தால் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்.

என் அக்காவின் புருஷனை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். புகைவீட்டில் நெருப்புப் போடுவது அவருடைய வேலை. ஓய்ந்த நேரத்தில் கீபோர்ட் வாசிப்பார். தோட்டத்துத் திருவிழாவுக்கும் சடங்கு வீட்டுக்கும் போகிற ஒரு சிறிய இசைக்குழுவை அவர்தான் நடத்தினார். குழுவுக்கென்று ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. அதில்தான் நான் கற்றுக்கொண்டேன். பாட்டு பாதியில் போகும்போது மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

“மாப்புள, நீ தள்ளுறது கம்பியவா, பாறாங்கல்லயா? மூஞ்சி அப்புடிப் போகுது.”

எனக்கும் பாறாங்கல்லாகத்தான் இருந்தது. குறை விரலில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான்கைந்து வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். விரல் ஒரு பாதிதான். மற்றப் பாதி கிட்டாரின் நீளம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு இடத்தில் நிலைத்து நிற்க என்னால் முடிந்ததில்லை. அவிசாவளையில் சாப்பாட்டுக் கடை, கொழும்பில் இரும்புக் கடை, பிறகு இரத்தினபுரிப் பக்கம் ஒரு மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கும் வேலை. அந்தக் குழிக்காரரின் மகன் கொரியாவுக்குப் போகும்போது ஒரு கிட்டாரை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் அம்மாவுக்கு அழுகை வந்தது. ஒரு நாள் அந்த அம்மாவே அதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கனமான உடம்பு, அடர்ந்த சிவப்பு. கழுத்தும் உடம்பும் பசை போட்டு ஒட்டிய ஒரே துண்டு. எடுத்து மடியில் வைத்து, மூன்றாவது கம்பியை அழுத்தி மோதிர விரலால் தள்ளினேன். போய்விட்டது. சுரம் எங்கே போக வேண்டுமோ அங்கே போய் நின்றது. இன்னொரு முறை தள்ளினேன். மறுபடியும் போனது.

குழிக்குப் பக்கத்துக் கொட்டிலில் உட்கார்ந்து போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். இங்கிலீஷ் பாதி விளங்கவில்லை. எண்கள் விளங்கின. கிட்டாரில் கம்பி இரண்டு இடத்தில் தாங்கி நிற்கிறது. தலைப்பக்கம் ஒரு சிறிய எலும்புத் துண்டு, அதற்கு நட் என்று பெயர். உடம்பின் மேல் இருப்பது பிரிட்ஜ். இந்த இரண்டுக்கும் நடுவில் கம்பி அதிர்கிற நீளத்தைத்தான் ஸ்கேல் லெங்த் என்கிறார்கள். குழுவின் பழைய கிட்டாரில் அது இருபத்தைந்தரை அங்குலம். என் சிவப்புக் கிட்டாரில் இருபத்து நாலே முக்கால். வித்தியாசம் முக்கால் அங்குலம். கட்டைவிரல் அகலம்கூட வராது.

நீளம் கூடினால் அதே கம்பியை அதே சுருதிக்குக் கொண்டுவர அதிகமாக முறுக்க வேண்டும். முறுக்கினால் கம்பி விறைக்கும். விரல் படுகிற இடைவெளிகளும் அகலும். நீளம் குறைந்தால் கம்பி கொஞ்சம் தளர்ந்து நிற்கும், விரலுக்கு இடம் கொடுக்கும். சத்தமும் மாறும். நீளமான கிட்டாரில் ஒரு கோர்ட், அதாவது பல சுரங்களை ஒன்றாக, அடித்தால் ஆறு கம்பியையும் தனித்தனியாகக் கேட்கலாம். தடித்த கம்பி இறுக்கமாக, வெட்டி வைத்த மாதிரி ஒலிக்கும். என்னுடையதில் கோர்ட் கொஞ்சம் குழம்பிப்போகும். ஆனால் தனிச்சுரம் பருத்து, சதைப்பிடிப்பாக, தொண்டை கட்டின பெண் பாடுகிற மாதிரி வரும். அந்தச் சத்தத்துக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன். கொடுக்க எதுவும் இல்லாததால் வாசித்தேன்.

பிறகு நான் கஹவத்தையில் ஒரு தேங்காய் மொத்தக் கடையில் லொறி இறக்கும் வேலைக்குப் போனேன். சனி ஞாயிறுகளில் மச்சானின் குழுவோடு வாசிப்பேன். கஹவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் போனபோது, ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தவர் ஒரு சிங்களவர். கலியாண வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வாசிக்கிற ஒரு பெரிய இசைக்குழு அவருடையது. நான் ஒரு பழைய பாட்டின் குரலை அப்படியே கிட்டாரில் வாசித்தேன். அது முடிந்ததும் அவர் மேடைக்குப் பின்னால் வந்தார். சிங்களத்தில்தான் பேசினோம்; அவர் என்னை மல்லி, தம்பி என்றார், நான் அவரை அய்யே, அண்ணன் என்றேன்.

“மல்லி, எங்க லீட்காரன் டுபாய் போறான். பொசன் பண்டிகை முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வா. ஒரு தடவ எங்களோட வாசிச்சுக் காட்டு. சரியா வந்தா எங்களோடயே இருந்துக்கலாம். தங்க எடம் இருக்கு.”

“நான் வாசிச்சதக் கேட்டீங்கதானே அய்யே?”

“கேட்டேன். மத்தவங்களும் கேக்கணுமே. நான் ஒருத்தன் சொன்னா அவனுங்க நம்ப மாட்டானுங்க.”

எனக்கு வேண்டியது அந்த இடம் மட்டும்தான். தேங்காய் லொறி வேண்டாம். பால்வெட்டுக் கத்தி வேண்டவே வேண்டாம். வாரத்துக்கு இரண்டு கலியாணம், ஒரு ஹோட்டல், மேடையில் முன்வரிசையில் நிற்கிற வேலை. என் வயதில் அப்படி ஒரு கதவு மறுபடி திறக்காது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

மச்சான் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கீபோர்டின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“போ மாப்புள. நல்லாருந்தா சரி. லீட் இல்லாம நம்ம குழுவ யாரு கூப்புடுவா? அது கெடக்கட்டும். நாங்க ஒரு மேளத்த வாங்கித் தட்டிக்கிட்டுக் கெடக்குறோம்.”

அவர் தடுக்கவில்லை. வாழ்த்தவும் இல்லை.

அந்த வைகாசியில் ஆறு பெருகியது. குழுவின் சாமான்கள், என் கிட்டார் எல்லாம் தெஹியோவிட்ட டவுனில், டயர் ஒட்டுகிற கடைக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தன. நான் கஹவத்தையில் மாட்டிக்கொண்டேன். வழியில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. தண்ணீர் வடிந்ததும் மச்சான் இடுப்பளவு சேற்றில் இறங்கிப் போய்ச் சாமான்களை வெளியே எடுத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

“மாப்புள, ஒன் கிட்டாரு பத்திரமா இருக்கு. நீ ஒண்ணும் யோசிக்காத.”

“தண்ணி பட்டுச்சா மச்சான்?”

“பட்டுச்சாவா? மீனு மாதிரி மெதந்துச்சு. பழைய கிட்டாரு ஒடம்பு ஊதி வெடிச்சுப் போச்சு. ஒன்னோடது நல்ல மரம். காய வச்சிருக்கேன்.”

“எங்க காய வச்சீங்க?”

“எங்க வைப்பாங்க? புகை வீட்டுலதான். நடுக் கழியில, சீட்டுக்கு மேல. நல்ல சூடு வர்ற எடமாப் பாத்துத் தொங்க விட்டிருக்கேன்.”

என் கிட்டாரின் கழுத்தை உடம்போடு பிடித்திருப்பது பசை. பசைக்குச் சூடு ஆகாது. அதை எப்படிப் போனில் சொல்வது?

“மச்சான், ஒடனே எறக்குங்க. ஃபேனுக்கு முன்னால வச்சாப் போதும். சூடு காட்டக் கூடாது.”

“ஈரத்தோட எறக்குனா பூசணம் புடிக்கும்டா. சீட்டுல எத்தன வருசமா நான் பாக்குறேன்? நாலு நாளு புகை குடுத்தாத்தான் உள் ஈரம் போகும்.”

“அது சீட்டு இல்ல மச்சான்!”

“சரி சரி, கத்தாத. பாக்குறேன்.”

அத்தோடு போன் நின்றது. அங்கே கரண்ட் இல்லாமல் பல நாள் ஆகியிருந்தது. யாருடைய போனும் பிறகு வேலை செய்யவில்லை. அவர் இறக்கவில்லை. ரப்பர் சீட்டு பொன்னிறத்துக்கு வந்து, ஊடாகப் பார்த்தால் மறுபக்கம் தெரிகிற பதத்துக்கு வந்த பிறகுதான் சீட்டோடு சேர்த்து என் கிட்டாரையும் இறக்கினார்.

பாதை திறந்ததும் நான் போனேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் அக்கா அதை ஒரு சாக்கில் படுக்கவைத்திருந்தாள். சிவப்பு நிறம் இல்லை. காப்பிக் கொட்டை நிறம். மச்சான் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

“பாரு, ஒரு சொட்டு ஈரம் இல்ல. தட்டிப் பாரு, கணீருன்னு இருக்கு.”

கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். கழுத்து மட்டும் வந்தது. பசை இளகி மூட்டு கழன்றிருந்தது. கழுத்தே ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, பழைய செருப்பு மாதிரி வளைந்திருந்தது. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“இத இப்ப அடுப்புல வைக்கிறதா, சாமி தட்டுல வைக்கிறதா? ரெண்டு பேருமாச் சேந்து சொல்லுங்க.”

“நீ சும்மா இரு,” என்றார் மச்சான். பிறகு என் பக்கம் திரும்பி, “நல்லதுக்குத்தான் மாப்புள செஞ்சேன். பிள்ளைங்க சப்பாத்து என்னைக்காவது பிஞ்சிருக்கா?” என்றார்.

சப்பாத்து எதுவும் பிய்ந்ததில்லை.

பொசனுக்கு அதிக நாள் இல்லை. மச்சானே ஓடியாடினார். டவுனில் சவப்பெட்டியும் யன்னல் சட்டமும் செய்கிற தச்சு மேஸ்திரி ஒருவர் இருந்தார், பாஸ் என்று கூப்பிடுவோம். ஊதி வெடித்த பழைய கிட்டாரின் கழுத்து திருகாணியில் பூட்டியது. வேறு மரம், புகைவீட்டுக்கும் போகாதது. நேராகவே இருந்தது. அதைக் கழற்றி என் கிட்டாரின் உடம்பில் பூட்டித் தரும்படி மச்சான் அவரிடம் கொடுத்துவிட்டார். நான் கஹவத்தைக்கு வேலைக்குத் திரும்பியிருந்தேன். சனிக்கிழமை வந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. பாஸின் கைவேலை சுத்தம். மூட்டில் நகம்கூட நுழையாது.

கம்பி போட்டு, சுருதி கூட்டினேன். எதையும் அழுத்தாமல் மீட்டினால் சரியாக இருந்தது. விரல் வைத்தவுடன் கெட்டது. மேலே போகப் போக ஒவ்வொரு சுரமும் கூடிக்கொண்டே போனது. மச்சான் கம்பி முறுக்குகிற முளையைத் திருகிப் பார்த்தார், திரும்பத் திருகினார். “முளை நழுவுது போல” என்றார். முளை நழுவவில்லை.

நான் அளவு நாடா எடுத்துவந்தேன். நட்டிலிருந்து, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளில் பன்னிரண்டாவது வரை எவ்வளவோ, பன்னிரண்டாவது கட்டிலிருந்து பிரிட்ஜ் வரையும் அவ்வளவு இருக்க வேண்டும். கம்பியின் சரி நடு அது. முதல் பாதி பன்னிரண்டே முக்கால் வந்தது. இரண்டாவது பாதி அரை அங்குலத்துக்குக் கிட்டக் குறைந்தது. இருபத்தைந்தரைக்கு வெட்டிய கழுத்து, குட்டைக் கிட்டாரின் உடம்பில் உட்கார்ந்திருந்தது. பிரிட்ஜ் பழைய இடத்திலேயே நின்றது. பாஸ் கேட்டிருக்கிறார், எவ்வளவு நீளம் வைக்க என்று. “முந்தி இருந்த மாதிரியே வைங்க” என்று மச்சான் சொல்லியிருக்கிறார். முந்தி இருந்த மாதிரி வைக்க அந்தக் கழுத்தால் முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

பிரிட்ஜின் இரண்டு தூண்களையும் பிடுங்கி, பின்னால் புதுத் துளை போட்டு நட்டேன். பழைய துளைகளைத் தீக்குச்சியும் பசையும் வைத்து அடைத்தேன். இரண்டு பாதியும் சரியானது. சுருதி எல்லா இடத்திலும் நின்றது. மச்சான் கை தட்டினார்.

“அடிச்சுட்டடா மாப்புள! இப்ப என்ன கொற?”

இப்போது அது இருபத்தைந்தரை அங்குலக் கிட்டார். குறை அதுதான். மூன்றாவது கம்பியைத் தள்ளினேன். பாதி வழியில் விரல் நின்றது. பாறாங்கல் திரும்பி வந்துவிட்டது.

வழி ஒன்று இருந்தது. மெல்லிய கம்பி போடுவது. நான் எப்போதும் போடுவது பத்து நம்பர். ஒன்பது நம்பர் போட்டால் விறைப்பு குறையும். அவிசாவளைக்குப் போய் வாங்கிவந்து போட்டேன். விரல் தள்ளியது. சுரம் போய்ச் சேர்ந்தது. ஆனால் சத்தத்தில் சதை இல்லை. உடம்பு அதே உடம்பு, கம்பிக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கிற காந்தமும் அதே காந்தம், வாசிக்கிற கையும் அதே கை. கழுத்தின் மரம் மாறியிருந்தது, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எப்படியோ, நீண்ட மெல்லிய கம்பியிலிருந்து கூர்மையான, பளபளப்பான ஒரு சத்தம் வந்தது. குரல் வரவில்லை. பத்து நம்பருக்குப் பழகிய கை வேறு. கொஞ்சம் கூட அழுத்தினாலும் மெல்லிய கம்பி சுருதி கூடிவிடும். ஒவ்வொரு சுரத்தையும் முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டு யாரால் பாட்டை நினைக்க முடியும்?

கஹவத்தைக்கு மச்சானும் கூட வந்தார். பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அய்யேயின் வீட்டுக் கராஜில்தான் அவர்கள் பயிற்சி எடுப்பார்கள். பகல் பதினொரு மணி வெயில். ட்ரம்ஸ் அடிப்பவர், பேஸ் கிட்டார், கோர்ட் மட்டும் அடிக்கிற ரிதம் கிட்டார், எல்லோரும் இருந்தார்கள். கீபோர்ட்காரர் மட்டும் வரவில்லை. நான் பெட்டியைத் திறப்பதற்குள் மச்சான் வெள்ளக் கதையைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கிவிட்டார். புகைவீட்டையும் விடவில்லை. ட்ரம்ஸ்காரர் குனிந்து கிட்டாரை முகர்ந்தார்.

“அம்மோ! கருவாடு மாதிரி மணக்குது அய்யே.”

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சேர்ந்து சிரித்தார். “கீபோர்டுக்கு ஆள் இல்லாட்டி நீங்க உக்காருங்க” என்றார் அந்த அய்யே மச்சானைப் பார்த்து. மச்சான் உட்கார்ந்தார்.

முதலில் ஒரு பைலா, ஆட்டம் போடவைக்கிற துள்ளல் பாட்டு. நான் கோர்ட் அடித்தேன். நீண்ட கழுத்துக்கு அது பிடித்த வேலை. ஒவ்வொரு கம்பியும் தனியாக, சுத்தமாக வெட்டிக்கொண்டு வந்தது. ரிதம் கிட்டார்காரரே திரும்பிப் பார்த்தார். அந்த அய்யே தலையை ஆட்டினார். பிறகு கோயிலில் வாசித்த அந்தப் பாட்டை வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். சுரங்கள் எல்லாம் சரியான இடத்தில்தான் இருந்தன. பாட்டு இல்லை. இரண்டாவது அடியிலேயே அவர் கண்ணைத் திறந்துவிட்டார். முடியும் வரை பொறுத்துக்கொண்டார். அது அவருடைய நல்ல குணம்.

“மல்லி, அன்னைக்கு நான் கேட்டது இது இல்லையே. அன்னைக்கு ஒரு பொம்பள பாடுன மாதிரி இருந்துச்சு. இன்னைக்குக் காதுக்குள்ள நுளம்பு பூந்து ரீங்காரம் போடுற மாதிரி இருக்கு.”

நான் விளக்கினேன். நட், பிரிட்ஜ், முக்கால் அங்குலம், கம்பி நம்பர் எல்லாவற்றையும் சொன்னேன். வாசிக்க முடியாததைப் பேசிக் காட்டப் பார்த்தேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“நீ சொல்றது உண்மையா இருக்கும். கலியாணத்துக்கு வர்றவனுக்கு அங்குலம் தெரியாதே மல்லி.”

பிறகு தன்னுடைய கிட்டாரைக் கொடுத்தார். நல்ல கிட்டார். பத்து நம்பர் கம்பி. அதுவும் இருபத்தைந்தரைதான். சத்தம் பருத்து, முழுசாக வந்தது. முதல் குழைவில் விரல் பாதியில் நின்றது. சுரம் ஏற வேண்டிய இடத்துக்குக் கீழேயே தொங்கியது. அடுத்த குழைவிலும் அப்படித்தான். ட்ரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார்.

“அந்த வெரலுக்கு என்ன?” என்று கேட்டார் அய்யே.

“பால்வெட்டுக் கத்தி.”

“அனே, பாவம்,” என்றார். கிட்டாரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

குட்டைக் கிட்டார் ஒன்று கிடைக்கும் வரை பொறுங்கள் என்று கேட்டேன். கலியாணப் பருவம் தொடங்குகிறது, பொறுக்க முடியாது என்றார். பெலிஹுல்ஓயாப் பக்கத்திலிருந்து இன்னொருவன் நாளைக்கு வருகிறானாம். ரிதமுக்கு ஆள் இருக்கிறது. நான் பெட்டியை மூடிக்கொண்டிருக்கும்போது அவர் மச்சானிடம் போய்ப் பேசினார். எங்கே வேலை, சனி ஞாயிறு வர முடியுமா, புகைவீட்டில் மாற்றாள் இருக்கிறாரா என்றெல்லாம் கேட்டது என் காதில் விழுந்தது. அவர்களுடைய கீபோர்ட்காரர் வராமல் இருந்தது அன்றைக்கு மட்டும் இல்லையாம்.

பஸ் நிறுத்தத்தில் மச்சான் எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

“மாப்புள, நான் ஒண்ணும் கேக்கல. அவருதான் கேட்டாரு.”

“தெரியும் மச்சான்.”

“வேணாம்னு சொல்லிறவா? நீ ஒரு வார்த்த சொல்லு, இப்பவே போயிச் சொல்லிட்டு வந்துர்றேன்.”

நான் சொல்ல மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். புகைவீட்டு நெருப்பில் அவருடைய கண் இரண்டும் எப்போதும் சிவந்தே இருக்கும்.

“போங்க மச்சான்.”

“கோவமா?”

“கோவமில்ல.”

அது பொய். ஆனால் யார் மேல் கோபம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அவர் வேண்டுமென்றே அதை நெருப்புக்கு மேல் தொங்கவிட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். ஒரு நாள் சண்டை போட்டுவிட்டு முகம் பார்க்காமல் இருந்திருக்கலாம். சேற்றில் இறங்கி எடுத்தவர், தன் கையில் இருந்த ஒரே நல்ல இடத்தில் கொண்டுபோய் வைத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

மச்சானின் குழு அத்தோடு நின்றுபோனது. லீட் போனால் குழு நிற்கும் என்று அவர்தான் பயந்தார். கீபோர்ட் போய்த்தான் நின்றது. தேங்காய்க் கடையில் அந்த மாதம் ஆள் குறைத்தார்கள். நான் லயத்துக்குத் திரும்பி, அக்காவின் முன் அறையில் படுத்துக்கொண்டு, காலையில் பால்வெட்டப் போனேன். கத்தி கையில் பழைய மாதிரியே உட்கார்ந்தது.

நான் திரும்பி வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை மச்சான் அந்த அய்யேயின் குழுவோடு கலியாணத்துக்குப் போவதற்கு அக்காவிடம் வெள்ளைச் சட்டை அயன் பண்ணச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். கொஞ்ச நேரம் வாசல் கட்டையைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

“மாப்புள, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“அவங்க ரிதம்காரன் கிட்டாரு சரியில்லையாம். அன்னைக்கு ஒன் கிட்டாருல கோர்ட்ஸ் கேட்டுச்சே, அது ரொம்ப சுத்தமா இருந்துச்சுன்னு அய்யே சொல்றாரு. இந்தக் கலியாணத்துக்கு மட்டும் கேக்குறாரு.”

உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். “ஒங்களுக்கு வெக்கமே இல்லியா? அவன்கிட்ட போயிக் கேக்குறீங்க?”

“கலியாணத்துக்கு மட்டும்தான்டி.”

நான் கிட்டாரை எடுத்து வாசலில் உட்கார்ந்தேன். ஒன்பது நம்பர் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி எறிந்தேன். பெட்டியில் பத்து நம்பர் ஒரு செட் பிரிக்காமல் இருந்தது. ரிதம் அடிக்கிறவனுக்கு மெல்லிய கம்பி போதாது. ஓங்கி அடித்தால் அறுந்துவிடும். ஆறையும் போட்டு முறுக்கினேன். பன்னிரண்டாவது கட்டில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் நின்றது. ஒரு கோர்ட் அடித்தேன். ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது.

“வெயில்ல வைக்க வேணாம்னு அவன்கிட்ட சொல்லுங்க,” என்று சொல்லிப் பெட்டியை மூடி மச்சானிடம் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க அவசரமாக இறங்கிப் போனார். திங்கட்கிழமை கிட்டார் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் கேகாலைப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போய்விட்டேன்.